வலி மாத்திரை அலர்ஜி: ரத்தப் பரிசோதனையில் என்ன தெரியும், என்ன தெரியாது

பல் வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டவருக்கு ஒரு மணி நேரத்தில் உதடு தடித்துவிடுகிறது, கண் இமை வீங்கி மூடிக்கொள்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வீக்கம் வடிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி: "ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணினா எந்த மாத்திரை சேராதுன்னு தெரிஞ்சிடாதா?" நியாயமான கேள்விதான். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் டெங்குவுக்கும் ரத்தத்தில் விடை கிடைக்கிறபோது இதற்கும் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி மாத்திரை அலர்ஜியில் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து 'உண்டு', 'இல்லை' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சில குறிப்பிட்ட நிலைமைகளில் அது நன்றாகவே உதவும். எங்கே உதவும், மற்ற இடங்களில் ஏன் உதவாது என்பது புரிந்தால் வீண் டெஸ்டுக்குப் பணம் கட்டுவது குறையும். அதைவிட முக்கியமாக, 'நெகட்டிவ்' என்று வந்த தாளை நம்பி அதே மாத்திரையை மறுபடி விழுங்கும் ஆபத்து குறையும். இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த இரண்டாவது காரணத்துக்காகத்தான்.

வலி மாத்திரை என்று இங்கே சொல்வது வலி, காய்ச்சல், வீக்கம் மூன்றையும் தணிக்கும் மருந்துகளை. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்பது முழுப் பெயர். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம் எல்லாம் இதில் அடக்கம். மருந்துக்கடையில் டிஸ்பிரின், புரூஃபென், வோவெரான், ஸீரோடால், மெஃப்டால் என்று கேட்டு வாங்குவது இவற்றைத்தான். பாராசிட்டமால் வீக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது, அதனால் அது இந்தக் கூட்டத்தில் சேராது. ஆனால் அதைப் பற்றியும் பின்னால் பேச வேண்டியிருக்கும்.

இது எல்லா அலர்ஜியையும் போன்றது அல்ல

அலர்ஜி என்றதும் நாம் நினைப்பது ஒரே ஒரு வகையைத்தான். உடல் ஏதோ ஒரு பொருளை எதிரி என்று முடிவு கட்டி, அதற்கென்றே ஐஜிஇ என்ற ஆன்டிபாடியை உண்டாக்குகிறது. 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவில் வேலை செய்த இஷிசாகா தம்பதியும், சுவீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது இது. இந்த ஐஜிஇ இரண்டு வகைச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒன்று மாஸ்ட் செல். தோல், மூக்கு, நுரையீரல், குடல் என்று திசுக்களுக்குள்ளேயே இருப்பது. இன்னொன்று பேசோஃபில். ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணு. அந்தப் பொருள் மறுபடி உடம்புக்குள் வந்து, அடுத்தடுத்து நிற்கும் ஐஜிஇக்களைப் பற்றி இணைத்ததும், செல்லுக்குள் பொட்டலம் பொட்டலமாக வைத்திருந்த ஹிஸ்டமின் வெளியே கொட்டுகிறது. அரிப்பு, தடிப்பு, வீக்கம், மூச்சிறைப்பு எல்லாம் அதிலிருந்து வருபவை. முற்றிப்போனால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தான அனஃபிலாக்சிஸ்.

இந்த வகையில் ஐஜிஇ ரத்தத்திலும் மிதந்துகொண்டிருக்கும், எடுத்து அளந்துவிடலாம். நிலக்கடலைக்கும் தூசிப்பூச்சிக்கும் ஓரளவு பென்சிலினுக்கும் இது பயன்படுகிறது.

வலி மாத்திரைகளின் கதை வேறு. 1922இல் பாரிஸில் ஃபெர்னான் விடால் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். (டைபாய்டு காய்ச்சலுக்கு நம் ஊர் லேப்களில் இன்றும் எடுக்கிற விடால் டெஸ்ட் இவர் பெயரில் உள்ளதுதான்.) ஆஸ்துமா, மூக்குக்குள் பாலிப் என்ற சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. 1968இல் சிகாகோவில் மேக்ஸ் சாம்டரும் ரோலண்ட் பியர்ஸும் இதே மூன்றையும் விரிவாக எழுதிய பிறகு அதற்குச் சாம்டர் முக்கூட்டு என்றே பெயர் வந்துவிட்டது.

இப்படிப்பட்டவர்களிடம் ஒரு புதிர் இருந்தது. ஆஸ்பிரின் சேராதவருக்கு இண்டோமெத்தசின் என்ற இன்னொரு வலி மருந்தும் சேரவில்லை, ஐபுபுரோஃபெனும் சேரவில்லை. ஆனால் வேதியியல் வடிவத்தில் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஆன்டிபாடி என்பது வடிவத்தைப் பார்த்துப் பிடிக்கும் சமாசாரம். இத்தனை வேறு வேறு வடிவங்களை ஒரே ஆன்டிபாடி எப்படிப் பிடிக்கும்? அப்படியென்றால் இதில் ஆன்டிபாடியே இல்லையோ?

முடிச்சை அவிழ்க்க உதவியது 1971இல் லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்த விஷயம். ஆஸ்பிரினும் அதன் கூட்டாளிகளும் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன என்று அவர் காட்டினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில்தான். 1975இல் போலந்தின் கிராகோவில் ஆந்த்ஷெய் ஷ்செக்லிக் என்ற மருத்துவர் இதை ஆஸ்துமாவோடு இணைத்தார். புரோஸ்டாகிளாண்டினை எந்த மாத்திரை நன்றாகத் தடுக்கிறதோ அது மூச்சிறைப்பைக் கிளப்புகிறது, தடுக்காத மாத்திரை கிளப்புவதில்லை. மாத்திரையின் வடிவம் முக்கியமில்லை, அது செய்யும் வேலைதான் முக்கியம் என்று ஆயிற்று.

அந்த வேலை என்னவென்று பார்ப்போம். செல்லின் சவ்விலிருந்து அரகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு வெளிப்படுகிறது. அது இரண்டு வழியில் போகலாம். காக்ஸ் என்ற நொதி வழியாகப் போனால் புரோஸ்டாகிளாண்டின், லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி வழியாகப் போனால் லூக்கோட்ரையீன். வலி மாத்திரை காக்ஸை அடைக்கிறது. ஒரு மடையை அடைத்தால் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் கூடுவது போல லூக்கோட்ரையீன் பெருகுகிறது. அது மூச்சுக்குழாயைச் சுருக்கும், மூக்கில் நீரை ஊற்றெடுக்க வைக்கும். இதோடு முடியவில்லை. புரோஸ்டாகிளாண்டின்களில் ஈ2 என்ற ஒன்று மாஸ்ட் செல்களை அடக்கி வைத்திருக்கிறது. மாத்திரையால் அது குறைந்ததும் மாஸ்ட் செல்களும் அவிழ்த்துவிடப்படுகின்றன. மாத்திரை போடும் எல்லோருக்கும் காக்ஸ் அடைபடத்தான் செய்கிறது. ஆனால் லூக்கோட்ரையீன் பக்கம் ஏற்கெனவே மிகையாக இயங்கிக்கொண்டிருக்கும் உடம்பில்தான் இது ஆபத்தாகிறது.

இந்த முழுக் கதையிலும் ஐஜிஇக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இல்லாத ஒன்றை ரத்தத்தில் தேடினால் நெகட்டிவ் என்றுதான் வரும். மாத்திரையோ முன்போலவே ஆளைத் தாக்கும்.

யாருக்கு எந்த வகை

2013இல் ஐரோப்பிய நிபுணர்கள் வலி மாத்திரை ஒவ்வாமையை ஐந்தாகப் பிரித்தார்கள். அன்றாடப் புரிதலுக்கு இரண்டு பெரிய பிரிவுகள் போதும்.

முதல் பிரிவில், காக்ஸை வலுவாக அடைக்கும் எல்லா மாத்திரையும் சேராது. ஆஸ்துமாவும் மூக்குப் பாலிப்பும் உள்ளவர்களுக்கு மூச்சிறைப்பாக வரும். பெரியவர்களின் ஆஸ்துமாவில் சுமார் 7 சதவீதம் பேருக்கும், கடுமையான ஆஸ்துமாவில் சுமார் 15 சதவீதம் பேருக்கும் இது உண்டு. வாசனையே தெரியாமல் போவது இவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார். நாள்பட்ட தடிப்பு நோய் உள்ள சிலருக்கு மாத்திரை போட்டதும் தடிப்பு பல மடங்காகும். இன்னும் சிலருக்கு வேறு எந்த வியாதியும் இருக்காது, மாத்திரை போட்டால் மட்டும் தடிப்பும் முக வீக்கமும் வரும்.

இரண்டாவது பிரிவில் ஒரே ஒரு மருந்துதான் வில்லன், அல்லது அதன் வேதியியல் உறவுகள். டைக்ளோஃபெனாக் சேராது, ஐபுபுரோஃபென் போட்டால் ஒன்றும் ஆகாது. இங்கே உண்மையிலேயே நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த வடிவத்தை அடையாளம் கண்டு தாக்குகிறது. சில நிமிடங்களில் அனஃபிலாக்சிஸாக வரலாம், அல்லது நாட்கள் கழித்துத் தோலில் வரலாம். ரத்தப் பரிசோதனைக்கு வேலை இருப்பது பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான்.

ஐஜிஇ பரிசோதனை

இதை முதலில் தள்ளிவைத்துவிடலாம். டோட்டல் ஐஜிஇ என்று ஒரு எண் வரும். தூசி அலர்ஜி, தோல் அரிப்பு நோய், குடல் புழு என எது இருந்தாலும் அது ஏறும். எந்த மாத்திரை ஆகாது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

சில லேப்களின் விலைப்பட்டியலில் டிரக் அலர்ஜி பேனல் என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் என்று வரிசையாகப் பெயர் போட்டு, எதிரே எண் போட்டுத் தருவார்கள். பென்சிலின் போன்ற சில மருந்துகளுக்குத்தான் ஓரளவு சோதித்துத் தேறிய ஐஜிஇ பரிசோதனைகள் இருக்கின்றன. வலி மாத்திரைகளுக்கு அப்படிச் சரிபார்க்கப்பட்ட ஐஜிஇ பரிசோதனை பொதுப் பயன்பாட்டில் இல்லை. மாத்திரையின் மூலக்கூறு மிகச் சிறியது. அது உடம்பின் ஏதாவது புரதத்தோடு ஒட்டிய பிறகுதான் ஐஜிஇயின் கண்ணில் படும். எந்தப் புரதம், மாத்திரை அப்படியே ஒட்டுகிறதா அல்லது கல்லீரல் அதை மாற்றிய பிறகு ஒட்டுகிறதா என்பதெல்லாம் தெரிந்தால்தான் சரியான டெஸ்டைச் செய்ய முடியும். டைக்ளோஃபெனாக்குக்கு இப்படித் தேடிப் பார்த்தும் உறுதியான பலன் கிட்டவில்லை. அந்தப் பேனலை டாக்டர் கேட்காமல் நீங்களாக எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

டிரிப்டேஸ்: நேரம் தவறினால் பயனில்லை

இது எளிய, நல்ல பரிசோதனை. மாஸ்ட் செல்கள் வெடிக்கும்போது ஹிஸ்டமினோடு டிரிப்டேஸ் என்ற நொதியும் வெளியே வரும். ஹிஸ்டமின் சில நிமிடங்களில் காணாமல் போய்விடும், டிரிப்டேஸ் சில மணி நேரம் ரத்தத்தில் இருக்கும். அதனால் அவசரப் பிரிவில் அட்ரினலின் ஊசி போட்டு ஆளைக் காப்பாற்றிய பிறகு, அறிகுறி தொடங்கி அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், தள்ளிப்போனால் நான்கு மணி நேரத்துக்குள், ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்க வேண்டும். எல்லாம் சரியாகி குறைந்தது 24 மணி நேரம் ஆன பிறகு இன்னொரு குழாய்.

இரண்டாவது எதற்கு என்றால், ஒவ்வொருவருக்கும் வழக்கமான அளவு வேறு. கணக்கு இதுதான்: வழக்கமான அளவை 1.2ஆல் பெருக்கி 2 கூட்ட வேண்டும். நெருக்கடி நேரத்து அளவு அதைத் தாண்டியிருந்தால் மாஸ்ட் செல்கள் வெடித்தது உறுதி. ஒருவருக்கு வழக்கமான அளவு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம் என்றால் வரம்பு 5.6. மயங்கி விழுந்தபோது எடுத்ததில் 9 வந்திருந்தால் அது பாசிட்டிவ். ஆனால் லேப் தாளில் பொதுவாக 11.4 வரை நார்மல் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒற்றை ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் 'நார்மல்' என்று கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நடந்தது அனஃபிலாக்சிஸ்தானா, இல்லை பயத்தில் வந்த மயக்கமா என்ற சந்தேகத்தை டிரிப்டேஸ் தீர்க்கும். எந்த மாத்திரையால் நடந்தது என்பதைச் சொல்லாது. வெறும் தடிப்பும் உதட்டு வீக்கமும் மட்டும் வந்தவர்களுக்கு அது ஏறாமலும் இருக்கலாம்.

பேசோஃபில் பரிசோதனை

ஆராய்ச்சியாளர்கள் அதிக நம்பிக்கை வைத்திருப்பது இதன் மேல். யோசனை அழகானது: மாத்திரையை ஆளுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்குப் பதில், ஆளின் ரத்தத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது. நோயாளிக்கு ஊசி குத்துவதைத் தவிர ஆபத்து எதுவும் இல்லை.

லேப் மேஜையில் நடப்பதைப் பார்க்கலாம். ரத்தம் உயிரோடு இருக்க வேண்டும், பேசோஃபில்கள் இன்னும் துடிப்பாக இருக்க வேண்டும். அதனால் எடுத்து ஒரு நாளுக்குள் வேலையை முடிப்பது நல்லது. சீரம் பிரித்து உறைய வைத்து அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரத்தத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரிக்கிறார்கள். ஒன்றில் வெறும் உப்புக் கரைசல். ஒன்றில் எந்தப் பேசோஃபிலையும் கிளப்பிவிடக்கூடிய பொருள். மற்றவற்றில் சந்தேகப்படும் மருந்து, குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவு வரை. மாத்திரையை இடித்துப் போட்டால் அதிலுள்ள மாவும் சாயமும் குழப்பும், அதனால் சுத்தமான மருந்துப் பொருளே வேண்டும். உடம்புச் சூட்டில், 37 டிகிரியில் கொஞ்ச நேரம் வைக்கிறார்கள்.

அப்புறம் ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளைச் சேர்க்கிறார்கள். ஒரு சாயம் பேசோஃபில் எது என்று காட்டும். இன்னொன்று சிடி63 என்ற புரதத்தில் ஒட்டும். அமைதியாக இருக்கும் பேசோஃபிலில் சிடி63 ஹிஸ்டமின் பொட்டலங்களின் உள்சுவரில் மறைந்திருக்கும். பொட்டலம் செல்லின் மேற்பரப்போடு இணைந்து உடைந்து திறந்தால்தான் அது வெளியே தலைகாட்டும். ஆக, வெளியே சிடி63 தெரிந்தால் அந்தச் செல் ஹிஸ்டமினைக் கொட்டிவிட்டது என்று பொருள். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓட விட்டு எண்ணுகிறது. நூறு வெள்ளை அணுக்களில் ஒன்றுகூட பேசோஃபிலாகத் தேறாது என்பதால் பொறுமையாக, நிறைய செல்களை எண்ண வேண்டும். மருந்து போட்ட குழாயில் கிளர்ந்த பேசோஃபில்கள் 5 சதவீதத்தைத் தாண்டி, உப்புக் கரைசல் குழாயைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் எப்படி? இதற்கு அதிகம் ஆராயப்பட்ட மருந்து மெட்டமிசோல். ஸ்பெயினில் நோலோட்டில் என்ற பெயரில் பரவலாகப் புழங்குவது. நம் நாட்டில் அனால்ஜின் என்று ஒரு காலத்தில் எல்லோரும் போட்டது, 2013இல் தடை செய்து 2014இல் கட்டுப்பாடுகளோடு திரும்ப அனுமதித்தார்கள். மெட்டமிசோல் போட்டு உடனடியாக ஒவ்வாமை வந்தவர்களில் பாதிப் பேர் அளவுக்கு இந்த டெஸ்ட் பிடித்துவிடுகிறது. ஒவ்வாமை இல்லாதவர்களைப் பாசிட்டிவ் என்று தவறாகக் காட்டுவது அரிது. இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். அபாயமான சோதனைகளைத் தவிர்க்கலாம், அது பெரிய லாபம். நெகட்டிவ் வந்தால் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம், ஏனென்றால் உண்மையான நோயாளிகளில் மற்றப் பாதிப் பேருக்கும் அது நெகட்டிவாகத்தான் வருகிறது.

ஆஸ்பிரினுக்கு நிலைமை இன்னும் மோசம். செறிவு கூடினால் ஆரோக்கியமானவர்களின் பேசோஃபில்களே கிளர்ந்துவிடுகின்றன. அதனால் முதல் பிரிவுக்காரர்களுக்கு, அதாவது எல்லா வலி மாத்திரையும் சேராதவர்களுக்கு, இதை நம்ப முடியாது.

இன்னும் மூன்று விஷயங்கள். சிலருடைய பேசோஃபில்கள் எதைப் போட்டாலும் அசைவதில்லை. எதையும் கிளப்பிவிடும் பொருள் போட்ட குழாயிலேயே அசைவு இல்லை என்றால் அவருக்கு இந்த டெஸ்ட் செல்லாது. ரிப்போர்ட்டில் அதை 'நெகட்டிவ்' என்று எழுதுவது தவறு. அடுத்து காலம். ஒவ்வாமை வந்து சில வாரங்கள் பொறுத்து, ஆனால் ஆறு மாதம் ஒரு வருஷத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது, போகப்போகத் தடயம் மங்கிவிடும். மூன்றாவது, செட்டிரிசின் மாதிரியான அலர்ஜி மாத்திரைகள் தோல் சோதனையைக் கெடுக்கும், பேசோஃபில் டெஸ்டைக் கெடுப்பதில்லை. வாய்வழி ஸ்டீராய்டு கெடுக்கலாம், எடுத்துக்கொண்டிருந்தால் லேப்பில் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

சுவிட்சர்லாந்தில் அலென் டி வெக் முன்னெடுத்த இன்னொரு முறையில் சிடி63க்குப் பதில், வெள்ளை அணுக்கள் வெளிவிடும் லூக்கோட்ரையீனை அளக்கிறார்கள். ஆஸ்பிரின் கதையில் லூக்கோட்ரையீன்தானே முக்கியம், இதில் பிடிபடும் என்று நம்பினார்கள். முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறின. அன்றாடச் சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை.

நாள் கழித்து வருபவை

மாத்திரை போட்ட உடனே எதுவும் ஆகாமல், நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தோலில் வரும் வகைக்கு டி-செல்கள் காரணம். லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் ஒரு வகை இவை. லேப்பில் ரத்த லிம்போசைட்டுகளை மருந்தோடு ஒரு வாரம் போல வளர்த்து, பெருகுகின்றனவா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. சில பெரிய மையங்களில் மட்டும் செய்கிறார்கள்.

ஆனால் இந்த வகையில் உயிரைக் காப்பது அந்த விசேஷ டெஸ்ட் அல்ல. 2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்தியல் நூல் ஆணையம் மெஃபனாமிக் அமிலத்தைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது நினைவிருக்கலாம். மாதவிடாய் வலிக்கு நம் பெண்கள் யோசிக்காமல் வாங்கிப் போடும் மெஃப்டாலில் இருப்பது இதுதான். ட்ரெஸ் என்ற தீவிர ஒவ்வாமை வரக்கூடும் என்றது எச்சரிக்கை. ட்ரெஸ் என்பது மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்தில் காய்ச்சல், உடம்பெங்கும் சிவந்த தடிப்பு, முக வீக்கம், நெறி கட்டுதல் என்று வரும். கல்லீரலும் சிறுநீரகமும் அடிபடும். இங்கே எல்லா ஊர் லேப்பிலும் கிடைக்கும் சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும்தான் கைகொடுக்கும். இயோசினோஃபில் என்ற வெள்ளை அணு எக்கச்சக்கமாக ஏறி, கல்லீரல் நொதிகளும் ஏறியிருந்தால் டாக்டர் உடனே மருந்தை நிறுத்தச் சொல்வார். காய்ச்சலுக்கு என்று வந்தவரிடம் 'கடந்த இரண்டு மாதத்தில் புதிதாக என்ன மாத்திரை போட்டீர்கள்' என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்தது.

மாத்திரை மேல் பழி, குற்றவாளி வேறு

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் சுவாரசியமான பகுதி இது. சிலருக்குக் கோதுமை அலர்ஜி லேசாக இருக்கும். சப்பாத்தி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, வலி மாத்திரை போட்டாலும் ஒன்றும் ஆகாது. சப்பாத்தி சாப்பிட்டு, கால் வலிக்கு மாத்திரையும் போட்ட அன்று மட்டும் அனஃபிலாக்சிஸ் வரும். மாத்திரை குடல் சுவரைத் தளர்த்தி, உணவுப் புரதத்தை அதிகமாக உள்ளே விடுவது ஒரு காரணம். இவர்களுக்கு ஒமேகா-5 கிளையாடின் என்ற கோதுமைப் புரதத்துக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனை கச்சிதமாக விடை தரும். வாழ்நாள் முழுக்க வலி மாத்திரையே ஆகாது என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு அது பெரிய விடுதலை.

தூசிப்பூச்சியும் அப்படித்தான். வெனிசுவேலா போன்ற வெப்ப நாடுகளில் கவனித்தது: திறந்து வைத்த பழைய மாவில் தூசிப்பூச்சி பெருகி, அந்த மாவில் செய்த பண்டத்தைச் சாப்பிட்டவருக்கு அனஃபிலாக்சிஸ் வருகிறது. வேக வைத்தாலும் பூச்சியின் புரதம் முழுக்க அழிவதில்லை. இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு வலி மாத்திரையும் சேராது. ஈரப்பதமுள்ள கடலோர ஊர்களில் மைதாவையும் கோதுமை மாவையும் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது?

முதலில் உங்கள் வாக்குமூலம். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், போட்டு எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, முதலில் எங்கே தெரிந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், காய்ச்சல் இருந்ததா, இதற்கு முன்போ பின்போ வேறு எந்த வலி மாத்திரை போட்டு ஒன்றும் ஆகவில்லை. கடைசிக் கேள்வி பலரும் சொல்ல மறப்பது, ஆனால் இரண்டு பிரிவில் எது என்பதை அதுவே பிரித்துவிடும். வீங்கிய முகத்தை போனில் படம் எடுத்து வையுங்கள், மாத்திரை அட்டையை எறியாதீர்கள். அலர்ஜி நிபுணருக்கு எந்த ரத்த ரிப்போர்ட்டையும்விட இவை பயன்படும்.

உறுதி செய்ய இன்றைக்கும் முதன்மையான வழி, மருத்துவமனையில் கண்காணிப்பில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பது. அட்ரினலினும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சிறிய அளவில் தொடங்கி மணிக்கணக்கில் இடைவெளி விட்டு ஏற்றுவார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஊதும் பரிசோதனை உண்டு, மூச்சின் அளவு 20 சதவீதம் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள். தீவிரமான அனஃபிலாக்சிஸ் வந்தவருக்குப் பழி சுமந்த மாத்திரையையே கொடுப்பதில்லை. அவர் போடக்கூடிய மாற்று மாத்திரை எது என்று கண்டுபிடிப்பதே நோக்கமாக இருக்கும். ஒரு மாத்திரையைப் போட்டுப் பார்க்கலாமே என்று வீட்டில் முயல்வது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

முதல் பிரிவுக்காரர்கள் பலருக்கும் பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும். ஆனால் அதுவும் அதிக அளவில் காக்ஸை லேசாக அடைக்கும், ஒரே வேளையில் 1000 மில்லிகிராம் போட்டால் சிலருக்குச் சிக்கல் வரும். காக்ஸ் நொதியில் இரண்டு வகை உண்டு. எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் ஆகியவை காக்ஸ்-1ஐ விட்டுவிட்டு காக்ஸ்-2ஐ மட்டும் குறிவைப்பதால் பெரும்பாலோருக்குச் சேரும். இருந்தாலும் முதல் வேளையை டாக்டர் முன்னிலையில் போடுவதே சரி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரின் இல்லாமல் முடியாது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு, மருத்துவமனையில் வைத்து அளவைப் படிப்படியாக ஏற்றி உடம்பைப் பழக்கும் முறையும் இருக்கிறது. அதனால் 'ஆஸ்பிரின் ஆகாது' என்று இதய மருத்துவரிடம் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளாமல் அலர்ஜி நிபுணரையும் பாருங்கள்.

பர்ஸில் ஒரு சின்ன அட்டை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும் பிராண்ட் பெயரை எழுதுவதோடு நிறுத்தாமல் மருந்தின் பொதுப் பெயரையும் எழுதுங்கள். பல் டாக்டரிடமும், ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரிடமும் அதைக் காட்டுங்கள். மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே தெரிவிக்கலாம். கூட்டு மாத்திரைகளில் கவனம் தேவை: காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு ஐபுபுரோஃபெனும் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் ஆகாதவர் அசிக்ளோஃபெனாக்கையும் தவிர்க்க வேண்டும், இரண்டும் நெருங்கிய வேதியியல் உறவு. முழங்காலில் தேய்க்கும் வோலினி ஜெல்லிலும் டைக்ளோஃபெனாக்தான் இருக்கிறது, அட்டையில் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.